என் சீட்டில் ஐந்து மாத்திரை, அவள் சீட்டில் இரண்டு

உத்திரமேரூர் பக்கம் பெருநகர் என்ற கிராமத்தில் பயிர் வைக்கும் விவசாயி நான். மாரடைப்பு வந்து நான் பிழைத்தபோது, டாக்டர் ஐந்து மாத்திரைகள் எழுதி, ஒருநாள்கூட விடக்கூடாது என்றார். என் மனைவி சரோஜாதான் வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பாள்.

இரண்டு வருடம் கழித்து, நடவு நட்டுக்கொண்டிருந்தவளுக்கு முதுகும் தாடையும் வலித்து மூச்சு வாங்கியது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஈ.சி.ஜி.யில் லேசான கோளாறு என்றார் அங்கிருந்த டாக்டர். "பொம்பளைங்களுக்குக் கவலையால வர்றதுதான்" என்று வாயுவுக்கு ஒன்றும் தூக்கத்துக்கு ஒன்றும் எழுதிக் கொடுத்தார்.

"இன்னா சரோஜா, எனக்கு அஞ்சு, உனக்கு ரெண்டுதானா?" என்றேன்.

"உன்னாட்டம் பெரிய நோவா எனக்கு வந்துகீது? நீ வேளைக்கு முழுங்கு, போதும்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

நான்கே மாதம். ஒருநாள் காலையில் என் மாத்திரைகளைக் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் மொள்ளத் திரும்பியவள் அப்படியே சரிந்தாள். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அங்கே ஒரு பெண் டாக்டர் அவள் சீட்டைப் பார்த்து, "ரத்தம் உறையாம இருக்க இவங்களுக்கும் மாத்திரை குடுத்திருக்கணுமே. யாரும் கேக்கலையா?" என்றார். அந்தச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் என் தங்கைக்கு நெஞ்சு வலித்தது. கூடவே போனேன். "கவலைதான்" என்ற டாக்டரிடம், "இதே நோவ ஒரு ஆம்பள வந்து சொன்னா இன்னா எழுதுவீங்க சார்?" என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் சோதித்தார்.

இப்போது எங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்கு வைத்தியம் என்றாலும் இதைக் கேட்கிறேன். சரோஜாவுக்காக மட்டும் கேட்கவில்லை; அன்றைக்கு டாக்டரிடம் கேட்காமல் சிரித்துவிட்ட எனக்காகவும்தான்.