லில்லியின் ஊதா ஓரம்

படுக்கை விரிப்பைச் சுவரில் கட்டி, பம்பாயிலிருந்து கழுவி வந்த ஸ்லைடுகளை முதலில் வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். எல்லாம் எங்கள் செகந்திராபாத் தமிழ்ச் சபையின் ஈஸ்டர் லில்லிகள். கேமரா லென்ஸின் மேல் ஒரு குளோஸ்-அப் கண்ணாடியைத் திருகி, பூவுக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில் நின்று எடுத்தவை. வெள்ளை இதழ் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊதாவாக ஒரு கோடு ஓடியது. புரொஜெக்டரை அணைத்துவிட்டேன்.

காரணம் என் அப்பா. விளக்கைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரிகிறது என்று அவர் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அடுத்த வருஷமே சோற்றுத் தட்டைத் தடவிப் பார்த்துச் சாப்பிட்டார். அப்போது அவருக்கு என் வயது. நானோ பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் ஆலையில் இன்ஸ்பெக்டர். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சால்டரிங்கில் மயிரிழை விரிசல் தேடுகிற வேலை. கண் போனால் எல்லாம் போச்சு.

மனைவியைக் கூப்பிட்டு, உனக்கும் ஊதா தெரிகிறதா என்று கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் அவள் "இல்லையே" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் கேட்கவே இல்லை. அதற்குப் பதில் டியூப்லைட்டை முறைத்தேன், வாசலில் இருந்த நந்தியாவட்டையை முறைத்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை முறைத்தால் எதன் ஓரத்திலும் ஏதோ ஒரு நிறம் தெரியத்தான் செய்கிறது. ஆலையில் வருஷாந்திரக் கண் பரிசோதனை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சபை மண்டபத்தில் ஸ்லைடு காட்டுவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். அதுவும் நல்லதுக்குத்தான் என்று பட்டது. எங்கள் சபையார் பிரியாணியில் ஓர் ஏலக்காய் கூடினாலும் சொல்லாமல் விடமாட்டார்கள். ஊதா படத்தில்தான் இருக்கிறது என்றால் யாராவது வாயைத் திறப்பார்கள்.

ஒருவரும் திறக்கவில்லை. முதல் லில்லி திரையில் விழுந்ததும் பெண்கள் பக்கத்துப் பேச்சு சட்டென்று நின்றது. பாஸ்டர் மட்டும் "அருமை, அருமை" என்றார். படத்துக்குப் படம் ஊதா பளிச்சென்று எரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்ததில் ஒரு ஸ்லைடைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். அப்பா தட்டைத் தடவியதுதான் கண்முன் நின்றது.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது எதிரே வந்த லாரியின் விளக்கைப் பார்த்து வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். மேலே ஓட்டப் பயமாக இருந்தது. பின்னாலிருந்த மனைவி இறங்கி நின்று, நான் வாயைத் திறக்குமுன் அழ ஆரம்பித்தாள்.

"பாஸ்டர் கண்டுபிடிச்சிருப்பாவளா?"

"எத?"

"அந்த ஊதாவத்தான். நீங்க வேற ஒண்ணொண்ணா பெருசு பண்ணிக் காட்டுதீங்க."

தவக்காலமான லெந்து நாட்கள் முடியும்வரை எங்கள் பீடத்தில் ஊதாத் துணிதான். பூ வைக்கவே கூடாது. ஈஸ்டருக்கு முந்தின நாள் வெள்ளைத் துணி விரித்த பிறகே பூ. அந்தத் தடவை வெள்ளைத் துணி இஸ்திரியிலிருந்து வரத் தாமதமாக, லில்லி வாடிவிடும் என்று ஊதாத் துணி இருக்கும்போதே பெண்கள் பூவை அடுக்கிவிட்டார்களாம். அந்த நிறம்தான் இதழில் அடித்துப் படத்தில் மாட்டிக்கொண்டது என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

நான் போய்ப் படமெடுத்தபோது அங்கே இருந்தது வெள்ளைத் துணி. ஊதா என்னுடைய மலிவுக் குளோஸ்-அப் கண்ணாடியின் கைங்கர்யம். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி, நேர் வெயிலைத் தவிர்த்தால் அந்தக் கோடு மெலிந்துவிடும் என்பதெல்லாம் பிற்பாடு கற்றுக்கொண்டது. அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

"உனக்கு ஊதா தெரிஞ்சுதா?" என்றேன்.

"ஹவ், ஆமா, தெரியாம என்ன? எல்லாருக்கும்தான் தெரிஞ்சுது. இப்ப என்ன செய்ய?"

ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.