கன்னியம்மாளின் மாப்பிள்ளைகள்

திருவாலங்காட்டில் அரை ஏக்கர் குத்தகை நிலத்தை நம்பி ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள் கன்னியம்மாள். அவள் வயல் தவளைகள் கத்தினால், கார்டு விசில் ஊதிவிட்டார் என்றெண்ணி அரக்கோணத்தில் ரயிலே கிளம்பிவிடும். நான் பொய் சொல்வேனா?

எழுபத்தெட்டாம் வருடத்தில், வெளிநாட்டுக்குத் தவளைக்கால் அனுப்பும் வியாபாரி ஒருவன் சாக்கோடு வந்தான். ஊரே தவளை பிடித்துக் கொடுத்தது. கன்னியம்மாள் மட்டும் அரிவாளோடு வரப்பில் நின்றாள்.

"மழைக்கோசரம் போன வருசம் கல்யாணம் பண்ணி வெச்ச தவள மாப்பிள்ளைய, இந்த வருசம் கால வெட்டி விக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

பக்கத்து வயல் வீரபத்திரன் சிரித்தான். "உன் மாப்பிள்ளைங்க உனக்குச் சோறு போடுவாங்களா யக்கா?"

"ஆங், போடுவாங்க! பூச்சியத் தின்னுகினு காவல் காக்குறாங்களே!"

கார்த்திகையில் புகையான் பூச்சி இறங்கியது. சுற்றிலும் பயிர் தீய்ந்ததுபோல் காய்ந்து சாய்ந்தது. நடுவில் அவள் அரை ஏக்கர் மட்டும் கதிர் முற்றித் தலை சாய்த்தது.

அடுத்த நடவுக்கு வீரபத்திரன் குடத்தோடு வந்தான். "யக்கா, நாலு தவள குடேன்."

"மாப்பிள்ள கேக்க வர்றவன் வெறுங்கையோடவா வருவான்?"

மறுநாள் வெற்றிலைத் தட்டோடு வந்தான். கன்னியம்மாள் அவன் வயல் பக்கம் மடையைத் திறந்துவிட்டாள். மாப்பிள்ளைகள் தத்தித் தத்தி ஊர்வலம் போனார்கள்.