நாலாவது ஆளாக வந்த கல்

பேய், பிசாசு, சகுனம், கண்ணூறு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒக்லாந்தில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் நான், நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்க முடியாத எதையும் பெரிதாக எடுப்பதில்லை. கோயில் சாப்பாட்டு வரிசையில் யாராவது ஆவிக்கதை தொடங்கினால் முதல் ஆளாகச் சிரிப்பதும் நான்தான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம், பரவாயில்லை. நம்பினால் நம்புங்கள், இது பட்டப்பகலில் நடந்தது.

சில வருடங்களுக்கு முன் என் கணவர் குமரனின் அக்கா வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தோம். நாங்கள் இருவரும், அப்போது ஏழு வயதாக இருந்த எங்கள் மகள் அபியும். மச்சாள் இருப்பது வடக்கே ஒரு பழைய சந்தை நகரம். நடுவில் கல் பாவிய சந்தைத் திடல், சீஸும் மீனும் கம்பளிச் சால்வையும் விற்கிற கடைகள், அதைச் சுற்றி ஒரு காலத்தில் பருத்தி நூல் நூற்ற செங்கல் ஆலைகள். அநேகமான ஆலைகளை இப்போது அடுக்குமாடி வீடுகளாக்கிவிட்டார்கள், ஒன்றை மட்டும் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் அன்று காலையில் கிளம்பினோம்.

மச்சாள் வாசலில் மறித்தா. “மூண்டு பேராய் வெளிக்கிடாதேங்கோ. வழியிலை ஒரு கல்லையெண்டாலும் நாலாவது ஆளாய் எடுத்துக்கொண்டு போங்கோ.”

“கல்லுக்கும் டிக்கெட் எடுக்க வேணுமோ மச்சாள்?” என்று நான் நக்கலடித்தேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. மூன்று பேராகப் போனால் போன காரியம் உருப்படாதாம், ஒரு கல்லைச் சேர்த்துக்கொண்டால் நாலு பேராகிவிடுமாம். குமரனுக்கோ அக்காவின் சொல்லைத் தட்ட முடியாது. தேவாலயத்தைத் தாண்டும்போது மதிலோரப் புல்லில் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டு, “சரி, ஆள் சேர்ந்தாச்சு” என்றார். அபி கல்லுக்கு ஹலோ சொன்னாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சந்தைத் திடலில் ஒரு தேநீர்க் கடைக்குள் போனோம். எங்களுக்கு இரண்டு தேநீர், அபிக்கு ஒரு சாக்லேட் பால் சொன்னோம். கடைப் பெண் இரண்டு சாக்லேட் பால் கொண்டுவந்து, ஒன்றை அபிக்கு முன்னாலும் மற்றதை வெறும் கதிரைக்கு முன்னாலும் வைத்தாள். ஒன்றுதான் சொன்னோம் என்றேன். அவள் கதிரையைப் பார்த்தாள், மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள், பிறகு முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். வேலைக் களைப்பு, பாவம் என்று நினைத்தேன்.

ஆலைக்குள் அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. அந்த ஆலையில் முன்பு வேலை செய்த ஒரு வயதானவர்தான் சுற்றிக் காட்டினார். மேல்மாடியில் நீளமான நூற்பு இயந்திரம், அது பாதி அறை தூரம் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அநாதைப் பிள்ளைகள் அடியில் தவழ்ந்து உதிர்ந்த பஞ்சைப் பொறுக்குவார்களாம், நேரத்துக்கு வெளியே வராத பிள்ளைகளின் கதையையும் சொன்னார். அபி இதையெல்லாம் கேட்கிறாளே என்று கையை நீட்டினேன், சின்னக் கை ஒன்று வந்து பிடித்துக்கொண்டது. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டாள் போல என்று நினைத்தேன்.

“அபி, பயமா இருக்கோ?” என்று இயந்திரத்தைப் பார்த்தபடியே கேட்டேன்.

“இல்லை அம்மா.”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒக்லாந்தில் பிறந்த பிள்ளை, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். இங்கிலாந்துக்கு வந்துதானா இவள் தமிழ் கதைக்க வேண்டும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு அந்தக் கையை ஒருதரம் அழுத்தினேன். அதுவும் என் கையை அழுத்தியது.

குமரன் ஜன்னலடியில் நின்று தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் சுவிட்ச் பெட்டியில் கை வைத்து, பிள்ளை உங்களிடம்தானே நிற்கிறாள் என்று கேட்டார். பிடித்த கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் என் பக்கத்தில் பார்த்தார், சிரித்தார், சுவிட்சைத் தட்டினார்.

இயந்திரம் உறுமிக்கொண்டு நகரத் தொடங்கியது. அதன் அடியிலிருந்து “அம்மா!” என்று அபி கத்தினாள்.

பெரியவர் உடனே நிறுத்திவிட்டார். குமரன் பாய்ந்து போய் அவளைக் காலில் பிடித்து இழுத்தார். தலை முழுக்கப் பஞ்சு, ஒரு சப்பாத்து நசுங்கிப்போயிருந்தது, நல்ல காலம் அது காலில் இல்லை. நான் ஓடவில்லை. பெற்ற தாய் நான், நின்ற இடத்திலேயே நின்றேன், ஏனென்றால் என் கையை அது விடவில்லை. குனிந்து பார்க்கவும் எனக்குத் துணிவில்லை. அபியை முழுதாக வெளியே இழுத்த பிறகுதான் விரல் விரலாகப் பிடி தளர்ந்தது. அந்தக் கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

பெரியவர், “உங்கள் பக்கத்தில்தானே நின்றாள், நான் கேட்டபோது தலையாட்டினாளே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. என்ன சொல்லிச் சண்டை பிடிப்பது?

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் முதலில் கேட்டது கல்லை எங்கே எடுத்தீர்கள் என்றுதான். குமரன் இடத்தைச் சொன்னதும் அவவின் முகம் செத்துப்போனது. “ஐயோ தம்பி, அது மில்லிலை செத்த பிள்ளையளைத் தாட்ட இடமெல்லோ. பேரெழுத ஆளில்லாமல் ஆளுக்கொரு கல்லு வைச்சவங்கள்.” குமரன் உடனே போய்க் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஏன் இயந்திரத்துக்கு அடியில் போனாய் என்று அபியை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். தோளைக் குலுக்குவாள், அவ்வளவுதான். போன மாதம் அவளுக்குப் புதுச் சப்பாத்து வாங்க ஒக்லாந்தில் வெஸ்ட்கேட் கடைகளுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம், நாங்கள் இருவர் மட்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து அவளாகவே ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். அன்று ஆலைக்குள் ஒரு பிள்ளை அபியிடம், உன் அம்மாவைக் கொஞ்ச நேரம் எனக்குத் தருவாயா, நீ என் இடத்தில் இரு என்று கேட்டதாம். இவள் சரி என்றாளாம்.

காரை ஓரமாக நிறுத்தினேன்.

“பிறகு? என்னைத் திருப்பித் தந்தவளோ?”

அபி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். இல்லையாம். திருப்பிக் கேட்க இவளுக்குப் பாவமாக இருந்ததாம், அந்தப் பிள்ளைக்கு அம்மாவே இல்லையாம்.