ஓடாத சாமானுக்குச் சர்வீஸ்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் அப்பாவுடையவை. எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, திருச்செங்கோட்டில் பாதிப் பேர் அதை டிவி என்று நினைத்து, படம் எப்போது போடுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பி.காம் முடித்திருந்த அத்தைக்குத்தான் அதை இயக்கத் தெரியும். எனக்கோ அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சோறு இறங்காது.

அந்தப் பாக்கியம் மாதம் ஒரு நாள் வாய்த்தது. சேலத்திலிருந்து ஓர் இளவயது மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றி, சின்ன பிரஷால் தூசி தட்டி, ஃபிளாப்பி போடுகிற வாயைப் பஞ்சால் துடைப்பார். கெட்டுப்போகும் முன்பே பார்த்துக்கொள்வதுதான் முறை என்பார். அன்றைக்கு மட்டும் அத்தை தலையில் மல்லிகை இருக்கும். டீயையும் அவளே போடுவாள். கம்ப்யூட்டருக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கிரீஸ் அடிக்காமல் ஒரு வண்டியையும் ஊர் எல்லையைத் தாண்டவிடாத அப்பாவுக்கு, இது மட்டும் வெட்டி வேலையாகப் பட்டது.

"ஓடாத சாமானுக்கு என்னத்துக்குங்க சர்வீசு? படுத்துச்சுன்னா சொல்லி உடறோம், அப்ப வாங்க" என்று மெக்கானிக்கை அனுப்பிவிட்டார்.

அத்தை அன்று சாப்பிடவில்லை. இரண்டு மாதம் போயிற்று. கம்ப்யூட்டர் படுக்கிற வழியாக இல்லை. அத்தை அதை முறைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். ஒரு நாள் அப்பாவிடம் போய், "ஏனுங்ணா, பொட்டிக்குள்ளார ஒரே தூசி. நம்ம ரிக்கு கம்ப்ரசர்ல ஒரு அடி அடிச்சா என்னங்ணா?" என்றாள்.

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பாறைக்குள் துளை போடுகிற காற்று அது. மூடியைக் கழற்றிய பெட்டியை வாசலில் வைத்து அவர் அடித்த ஒரே அடியில் தூசி போயிற்று. கூடவே உள்ளிருந்த பச்சை அட்டையும் சில ஒயர்களும் போயின. நான் வேலியோரம் தேடிப் பொறுக்கிப் பாவாடையில் ஏந்தி வந்தேன். அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சேலத்துக்கு ஆள் போயிற்று. மெக்கானிக் மறுநாளே வந்தார். அதற்கப்புறம் தினமும் வந்தார். மெட்ராசிலிருந்து சாமான் வரவேண்டும் என்று சும்மா காத்திருந்த நாட்களிலும் வந்தார்.

ஃபிளாப்பி மேல் மூச்சுக்கூட விடாதே என்று என்னை அதட்டுகிற அத்தைக்கு, இப்படி ஒரு யோசனை எப்படித் தோன்றியது? கேட்டேவிட்டேன்.

"தெரியாம சொல்லிப்போட்டேன் சாமி" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை என்னை மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கம்ப்யூட்டர் சீக்கிரம் சரியாகிவிட வேண்டும் என்று உருகி உருகி வேண்டினேன். பக்கத்தில் கண்மூடி நின்ற அத்தையும் அதையேதான் வேண்டுகிறாள் என்று நம்பி, அவளுக்கும் சேர்த்து இன்னொரு முறை வேண்டிக்கொண்டேன்.