விசேஷம் இல்லை என்று சொன்னவள்

துறைமுக வாசலில் தாள்களோடு வரிசையில் நின்றபோது, எங்கள் சரக்கு கிளியரிங் அலுவலகத்து முருகன் ஃபோன் செய்தான். “அக்கா, ஜெயசீலி அக்கா போயிட்டாங்க.” சொந்த ஊர் சாத்தான்குளத்துக்குத்தானே, நாளைக்கு வந்துவிடுவாள் என்றேன். அவன் அழுத பிறகுதான் புரிந்தது. சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்கசிவாம். என் வயதுதான், முப்பத்தாறு. என்ன நியாயம் இது?

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவள் வாய் தெரியும். லாரிக்காரர்கள்கூடத் தாள்களை இரண்டு முறை சரிபார்த்துத்தான் அவளிடம் நீட்டுவார்கள். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் நான் ஒன்றரை மாதம் விடுப்பில் இருந்தேன். அலுவலகத்திலும் மாமியாரிடமும் மஞ்சள் காமாலை என்று நானும் கணவரும் சொல்லியிருந்தோம். பொய். யாரும் இல்லாத அறையில் எனக்குக் குரல்கள் கேட்டன. மாத்திரை அவற்றை அடக்கியது, ஆனால் குமட்டல் என்னைப் பிடித்துக்கொண்டது. வேலைக்குத் திரும்பிய பிறகும் காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஓங்கரிப்பேன். கல்யாணமாகி மூன்று வருடம் பிள்ளையில்லாதவள் வாந்தியெடுத்தால் நம் ஊரில் என்ன கேட்பார்கள்? “விசேஷமா?” ஒருத்தி மாங்காய் கொண்டுவந்தாள். சேதி என் மாமியாருக்கும் போனது. அவர் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டார். மாத்திரையை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

ஒரு நாள் கழிப்பறை வாசலில் ஜெயசீலி தண்ணீரோடு நின்றாள். “ஏளா, விசேஷம் ஒண்ணுமில்ல. என்ன மாத்திர போடுத?”

மழுப்பினேன். அவள் விடவில்லை. “எங்க அண்ணனும் இப்படித்தான் ஓங்கரிக்குதுன்னு மனசு மாத்திரய விட்டான். நாலு மாசத்துல வீட்டவிட்டுப் போனவன்தான். எங்கம்மா இன்னும் வாசக்கதவப் பூட்ட மாட்டேங்கா. நீ நிறுத்துன, கொன்னுருவேன்.”

மறுநாள் அவளே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். எப்போது போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். விடியற்காலையில், மாமியார் எழும் முன், குளியலறையில், வெறும் வயிற்றில் என்றேன். நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார், கொஞ்ச நாளைக்கு அளவைக் குறைத்தார், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் வேறு மாத்திரை பார்க்கலாம் என்றார். “சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கூடத்தில் இருப்பார்களே” என்று அழுதேன். ஜெயசீலி சொன்னாள்: “உன்ன கொமட்ட வைக்கது மாத்திர பாதி, மறைக்கது பாதி.”

அந்த ஞாயிறு பன் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னையும் என் கணவரையும் ஒரு பார்வை பார்த்தாள். சொல்லவா என்று கேட்கும் பார்வை. நான் தலையசைத்தேன். “அத்த, இவளுக்கு விசேஷம் இல்ல. மனசுக்கு மாத்திர சாப்பிடுதா. அதான் வாந்தி.” மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் இரவு என் தட்டில் இட்லியை வைத்துவிட்டு, “சாப்பிட்டுட்டுப் போடு” என்றார். பத்து நாளில் குமட்டல் அடங்கியது. நேர்ந்துகொண்ட பேரனுக்காக அவர் அழுததையும் நான் கேட்டேன். அந்த அழுகைக்கு நான் பட்ட கடன் இன்னும் இருக்கிறது.

சாத்தான்குளத்தில் அவளைப் புதைத்தோம். அவள் அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒருத்தன் எங்கன இருக்கான்னு தெரியல. இவ இங்கன இருக்கான்னு தெரியும்” என்றார். முடிந்தால் நீங்களும் ஒரு நடை போய் அவரைப் பாருங்கள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது, என் நோயை மறைக்காமல் சொல்லும் துணிச்சல். இந்தக் கட்டுரைக்குக் கீழே என் பெயரைப் போட்டிருப்பதும் அதனால்தான். அடக்கம் முடிந்து வீடு திரும்பிய இரவு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். வெறும் வயிற்றில் போட்டால் திட்டுவாள். அழுதுகொண்டே நாலு வாய் சோறு தின்றேன். பிறகு, எல்லோரும் பார்க்க, கூடத்தில் உட்கார்ந்து மாத்திரையை விழுங்கினேன்.

— செல்வி