இருபது ரூபாய் மெசேஜ்

நான் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல்லிக்குப் பயம், கரண்டு வயருக்குப் பயம், பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் என்றால் இரண்டு நாள் தூக்கம் போய்விடும். இப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டதோ பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற ஆளை. எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். இருமலுக்குக் குடிப்பதை டானிக் என்று சொல்லிக்கொள்வோம்.

வீடு விருதுநகரில். நான் இங்கேயே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அவருக்கு வேலை சிவகாசிப் பக்கம். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் அதே வேன் ஊர் ஊராகச் சுற்றி ஆட்களை இறக்கிவிட்டு வருவதற்குள் இருட்டிவிடும் என்பதால், கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்டேஷனில் ரயிலேறி வந்துவிடுவார். துணைக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியும் வருவார். அவருக்கும் அதே கம்பெனிதான், பேக்கிங்கில் வேலை. என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார், அதனால் நான் மதினி. அவர் மனைவிக்கு நான் அக்கா.

அந்த ஸ்டேஷனில் முன்பு டிக்கெட் கவுண்ட்டர் இருந்தது. அதற்குள் உட்கார்ந்திருந்தவர் சரியான சிடுமூஞ்சி. ஆனால் யார் எந்தக் கம்பெனி, யார் எந்த ஊருக்குப் போகிறவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருடைய போன் நம்பரை எங்கள் தெருவில் நாலைந்து வீட்டிலாவது எழுதி வைத்திருந்தோம். காரணம் இதுதான்: பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. நிறையப் பேர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள், என் வீட்டுக்காரரும் அப்படித்தான். எங்கேயோ வெடித்துவிட்டது என்று கேள்விப்பட்டால் நான் முதலில் கூப்பிடுவது அந்தக் கவுண்ட்டர்காரரைத்தான்.

"இப்பத்தான் ரெண்டு பேரும் டிக்கெட் வாங்கிட்டுப் போறாக. போனை வைம்மா, இங்கன லைன் நிக்குது" என்று எரிந்து விழுவார். அந்த எரிச்சலைக் கேட்டபிறகுதான் நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

பிறகு அந்தக் கவுண்ட்டரை மூடிவிட்டார்கள். ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு மெஷினை வைத்தார்கள். போகிற ஊரைத் தொட்டால் ஒரு க்யூஆர் கோடு வரும். அதைப் போனில் ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டினால் டிக்கெட்டைத் துப்பும். ரொக்கம் வாங்காது. சீசன் டிக்கெட் எடுத்துவிடலாமே என்று சக டீச்சர்கள் யோசனை சொன்னார்கள். மழை பெய்தால் வேலை கிடையாது, ஆர்டர் இல்லையென்றால் வேலை கிடையாது, சில நாள் லோடு ஏற்றுகிற வண்டியிலேயே வந்துவிடுவார்கள். இதில் எங்கே சீசன் டிக்கெட் எடுப்பது?

அவருக்குச் சம்பளம் சனிக்கிழமை ரொக்கமாக வரும். பேங்க் கணக்கு எனக்குத்தான். என் கணக்கிலிருந்தே அவர் போன் மூலம் பணம் கட்டுகிற மாதிரி ஒரு வசதி இருக்கிறது என்று செல்போன் கடைக்காரர் செய்து கொடுத்தார். அன்றிலிருந்து அவர் போனை எடுத்துப்போய், கம்பெனி வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார். திரும்பும்போது வாங்கிக்கொள்வார். தம்பியிடம் இருந்தது பழைய பட்டன் போன் என்பதால் இரண்டு டிக்கெட்டையும் இவரே எடுப்பார். எடுப்பார் என்று பெயர்தான். வருஷக்கணக்காகப் பொடி படிந்து தேய்ந்த விரல்கள் அவருடையவை. எத்தனை தடவை அழுத்தினாலும் டச் ஸ்கிரீன் அசைந்து கொடுக்காது. ரகசிய நம்பரை அவர் ஸ்டேஷனே கேட்கிற மாதிரி சொல்ல, தம்பிதான் அழுத்துவார். ரகசிய நம்பரின் லட்சணம் அது.

அவர் டிக்கெட் எடுத்ததும் என் போனுக்கு மெசேஜ் வரும். ஆளுக்குப் பத்து ரூபாய், ஆக இருபது ரூபாய் எடுக்கப்பட்டது. முதலில் இதை நான் சட்டை செய்யவில்லை. ஒரு வாரம் போனபின் பார்த்தால், நாலரை மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த மெசேஜ் வந்துவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். சிக்னல் கிடைக்காமல் பத்து நிமிஷம் பிந்தினால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் வந்து நிற்பாள்.

"வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சு. இருபது."

அதற்கப்புறம்தான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அந்த நாள் தீபாவளிக்கு முந்தின நெருக்கடியில் வந்தது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் தன் போனைப் பார்த்துவிட்டு, சட்டென்று என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை. நான் என் போனைத் திறந்தேன். இரண்டு பேர் ஸ்டேட்டஸில் புகை இருந்தது. இப்படி வருகிற படங்களில் பாதி பழசாக இருக்கும், போன வருஷத்துப் புகையையே மறுபடி அனுப்புவார்கள். இதுவும் பழசாக இருக்கட்டும் ஆண்டவரே என்று கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது கம்பெனிப் பெயர் வந்துவிட்டது. எங்கள் கம்பெனி.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. அவர் போனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. வாட்ச்மேன் ஷெட்டில் கிடக்கும் போனை யார் எடுப்பார்கள்? கம்பெனி நம்பர் பிஸியாகவே இருந்தது. வேறு வழி தெரியாமல் அந்தப் பழைய கவுண்ட்டர்காரருக்கு அடித்தேன். எடுத்தார்.

"நான் இப்ப அங்கன இல்லம்மா. வேற ஊருக்கு மாத்திட்டாக. கவுண்ட்டரே இல்லையேம்மா" என்றார். பிறகு, "பயப்படாதீக, ஒன்னும் ஆகியிருக்காது" என்று சேர்த்துக்கொண்டார். அவர் இவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

நேரில் போய்விடலாம் என்றால் ரோட்டை மறித்திருக்கிறார்கள், யாரையும் உள்ளே விடவில்லை என்றார்கள். "மெசேஜ் வந்துரட்டும்க்கா" என்றாள் அவள். இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் ஜெபம் பண்ணினேன். என் மனிதரைக் காப்பாற்று என்றுதான் முதலில் வந்தது. அப்புறம்தான் அவள் ஞாபகம் வந்து, ரெண்டு பேரையும் என்று திருத்தினேன்.

ஐந்தரை தாண்டி போன் அதிர்ந்தது. நான்தான் முதலில் எடுத்தேன்.

பத்து ரூபாய் எடுக்கப்பட்டது.

இரண்டு முறை படித்தேன். பத்துதான். சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. ஒரு விநாடி, என் ஆள் பிழைத்துவிட்டார் என்று மட்டும்தான் எனக்குப் பட்டது. அடுத்த விநாடி, இடுப்புப் பிள்ளையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணில் பட்டாள். அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், மெசேஜ் வருவதோ இங்கிலீஷில்.

"எம்புட்டுக்கா?"

"இருபது" என்றேன்.

அவள் பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள். ஓ என்று அழுதாள். அழுதுகொண்டே, "நான் போயி டீயப் போடுறேன், ரெண்டு பேரும் பசியோட வருவாக" என்று எழுந்தாள். நான் பின்கட்டுக்குப் போய் அவர் போனுக்கு மறுபடி மறுபடி அடித்தேன். முழு மணியும் போய் நின்றது. ரயில் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். இல்லாவிட்டால், தம்பிக்கு ஆனதைச் சொல்ல வாய் வராமல் எடுக்காமல் இருக்கிறார் என்று நினைத்தேன். அவள் வீட்டில் டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. எதற்காக அப்படிச் சொன்னேன்? எப்படியும் ஒரு மணி நேரத்தில் தெரியத்தானே போகிறது? அந்த ஒரு மணி நேரத்தையாவது அவளுக்குக் கொடுப்போம் என்று நினைத்தேனா, அல்லது சொல்லுகிற தைரியம் இல்லையா? இரண்டாவதுதான். நான் பயந்தாங்கொள்ளி.

அவள் டீ குடிக்கச் சொன்னாள். டம்ளரை வாங்கி அப்படியே கீழே வைத்தேன். "வா, ஸ்டேஷனுக்கே போய்க் கூட்டிட்டு வருவோம்" என்றேன். தனியாக வீட்டில் இருக்கும்போது அவளுக்கு இது தெரியக் கூடாது, நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஆட்டோவில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். இந்த வேலையே வேண்டாம், இனிமேல் எங்காவது மளிகைக் கடையில் நிற்கட்டும் என்றாள். நான் உம் கொட்டினேன்.

ரயில் வந்து நின்றது. அவள் மயங்கி விழுந்தால் பிடிக்க வேண்டும் என்று, பிள்ளையை நான் வாங்கிக்கொண்டு அவள் தோளை ஒரு கையால் அணைத்தபடி நின்றேன். கூட்டம் இறங்கியது. கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியிலிருந்து, சட்டையெல்லாம் கரியாக, தம்பி இறங்கினார்.

அவள் ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தம்பிக்குப் பின்னால் இறங்கியவர்களை எல்லாம் பார்த்தேன். ஒவ்வொருவராக இறங்கி முடிந்து, ரயில் புறப்பட்டும் போய்விட்டது.

அவளும் திரும்பித் தேடினாள். "இருபதுன்னுதானக்கா சொன்னீக?" என்றாள் வெள்ளந்தியாக. "அப்ப அண்ணனும் வந்துருக்கணுமே. எங்க?"

தம்பியின் கையில் என் வீட்டுக்காரரின் போன் இருந்தது. அதை நீட்டினார். அத்தனை மிஸ்டு காலும் நான் அடித்தது.

"உசுருக்கு ஒன்னுமில்ல மதினி. கையில தீ பட்டுருச்சு, சிவகாசி ஆஸ்பத்திரியில இருக்காக. போன்ல சொல்லாத, நேர்ல போயிச் சொல்லுன்னாக. நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீக, எனக்கு எடுக்கத் தைரியம் வரல." தம்பி அழுதார். உசுருக்கு ஒன்றுமில்லை என்பதை நான் நம்பவில்லை. எங்கள் பக்கம் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

அடுத்த வண்டிக்குக் காத்திருக்காமல் காரைப் பிடித்துப் போனோம். பின் சீட்டில் பக்கத்து வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழி முழுவதும் அவள் அந்த இருபதைப் பற்றிக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் விழித்திருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை கட்டுக்குள் இருந்தன, புருவம் கருகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் பக்கத்தில் குனிந்தேன்.

"மெசேஜ் வந்துச்சுல்ல?" என்றார். குரல் கம்மியிருந்தது, ஆனாலும் அதில் ஒரு பெருமை. "நீ பதறுவேன்னுதான், எதச் செய்றியோ இல்லையோ, வாட்ச்மேன்கிட்ட என் போன வாங்கி மொதல்ல டிக்கெட்ட எடுலேன்னு தம்பிய அனுப்பிவிட்டேன்."

"வந்துச்சு" என்றேன். "அதப் பார்த்துத்தான் நிம்மதியா இருந்தேன்."