கமலா ஆரஞ்சுக்கு எழுதிய அட்டை

ஒரு பழத்தின் ருசி பழத்தில் இருக்கிறதா, அதைப் பற்றிச் சொன்னவரின் பேச்சில் இருக்கிறதா? இப்படி ஒரு கேள்வியைப் புத்தகத்தில் படித்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடலாம். ஒரு மளிகைக் கடையின் பழப் பிரிவில் பதினோரு வருடம் நின்றவளுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

கடையில் எல்லோரும் அவளை மூக்கம்மா என்றார்கள். பில் போடுகிறவர் வைத்த பெயர். மற்ற மாதங்களில் அது கிண்டல். குளிர்காலத்தில் அதுவே பட்டம். வருடம் முழுக்க ஒரே ரக ஆரஞ்சு குவிந்து கிடக்கும் மேடையில், குளிர் தொடங்கியதும் பத்து வாரத்துக்குள் ஒன்பது வகை வந்து போகும். உள்ளே ரத்த நிறத்தில் ஒன்று, குழந்தையின் தலை அளவு பம்பளிமாஸ், தோலோடு தின்கிற விரல்கடை அளவு கும்குவாட், தொட்டாலே தோல் கழன்றுவிடும் கமலா. சில வகை ஒரு வாரம்கூடத் தங்காது. வந்திருக்கிறது என்று தெரிந்து ஓடி வருவதற்குள் காலிப் பெட்டிதான் இருக்கும்.

அவள் வேலை செய்யும் விதம் இது. கடை திறக்குமுன் பெட்டிக்கு ஒரு பழம் எடுப்பாள். கட்டைவிரல் நகத்தால் தோலைக் கீறி முகர்வாள். வெட்டி ஒரு சுளை தின்பாள். அதற்குப் பிறகுதான் அட்டை எழுதி மேலே செருகுவாள். பம்பளிமாஸுக்கு, “உரிக்கப் பொறுமை இருந்தால் மட்டும் எடுங்கள்.” ரத்த ஆரஞ்சுக்கு, “வெள்ளைச் சட்டையோடு வெட்டாதீர்கள்.” கும்குவாட்டுக்கு, “முதல் கடியில் என்னைத் திட்டுவீர்கள். மூன்றாவதில் மறந்துவிடுவீர்கள்.” பெரிய எழுத்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தின்னாத பழத்துக்கு அவள் ஒரு வரி எழுதியதில்லை. சுமாரான பழத்துக்கு “சுமார்” என்றே எழுதி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஆட்கள் பழத்தைப் பார்க்குமுன் அட்டையைப் பார்த்தது அதனால்தான்.

அந்த வருடம் குளிர் தொடங்கிய முதல் வாரமே அவளுக்குச் சளி பிடித்தது. நாலு நாள் காய்ச்சல். திரும்பி வந்து முதல் பெட்டியைத் திறந்து, நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாகக் கீறினாள். சாறு கண்ணில் தெறித்து எரிந்தது. வாசம் மட்டும் வரவில்லை. சுளையைத் தின்றால் இனிப்பும் புளிப்பும் தெரிந்தன. எந்தப் பழத்தின் இனிப்பு என்பது தெரியவில்லை.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தாள். இரண்டு வாரமாயிற்று. வெளியே தெரிந்தால் பழப் பிரிவு போய்விடும்; அந்தப் பெயரும் போய்விடும். யாரிடமும் சொல்லவில்லை. போன வருட அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். பழம் வந்ததும் அதற்குரிய பழைய அட்டையை எடுத்துச் செருகினாள். அதே மரம், அதே பழம், என்ன மாறிவிடப்போகிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கமலாவுக்கு அந்த டப்பாவில் இருந்தது: “தேன் வாசம். இரண்டு வாங்க வந்தவர் நாலாக வாங்குங்கள்.”

மாறித்தான் இருந்தது. தோலில் மெழுகைக் கனமாகப் பூசிக் குளிர் அறையில் நெடுநாள் போட்டு வைத்தால், கமலா வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே மூச்சு முட்டிப்போய் லேசான சாராய வாடை ஏறிவிடும். நாக்கு அதை விட்டுவிடும். மூக்கு விடாது. முந்தைய வருடங்களில் ஒரே முகர்வில் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பாள்.

கண்டுபிடித்தது அவளோடு ஒரே வீட்டில் இருந்த அக்கா. தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, தங்கை கொண்டுவந்த கமலாவில் ஒன்றை உரித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“ஏண்டி, இது பழமா பாட்டிலா?”

“ஏன்க்கா?”

“சாராயம் அடிக்குது. உனக்குத் தெரியல?”

தங்கை ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். அக்கா உரித்த தோலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் முகம் சுளிக்கவில்லை. அக்கா தோலைக் கீழே வைத்தாள். “எத்தன நாளா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் தங்கை கடைக்கு ஓடினாள். பழம் கெட்டது, எடுத்துவிடலாம் என்றாள். மேனேஜர் கணினியைப் பார்த்துவிட்டு, பதினாலு பெட்டி போயிருக்கிறது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, நல்லா ஓடுகிற சரக்கை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டார். அட்டையை மட்டும் தொடாதே என்றும் சொன்னார்.

அட்டையைக் கழற்றப் போனபோது, வாரம் தவறாமல் வரும் நர்ஸம்மா இரண்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“அத வெச்சிடுங்கம்மா. பழசு. உள்ள வாடை ஏறியிருக்கு.”

நர்ஸம்மா சிரித்தார். “போன பெட்டி நாங்களே தின்னு தீர்த்தோமே. நீங்க எழுதின தேன் வாசம் அப்படியே இருந்துச்சு.”

“நான் மோந்து பாக்காம எழுதினதும்மா அது.”

“சும்மா இருங்க. உங்க மூக்கு எனக்குத் தெரியாதா?” என்று பெட்டியோடு பில் போடும் இடத்துக்குப் போய்விட்டார்.

ஒருவராவது வந்து சண்டை போட்டிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பாள். யாரும் வரவில்லை. அதன் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போவதை விட்டாள். ஸ்டேஷன் பக்கத்துக் கடை, பாலத்துக்குக் கீழே உள்ள கடை, மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய பெரிய கடை என்று அலைந்தாள். கடைக்கு ஒரு பழம். வாங்கியதும் வாசலிலேயே நகம் கீறும், ஒன்றும் வராது, அடுத்த பஸ். சீசன் முடிய எத்தனை வாரம் என்று விரல் விட்டு எண்ணினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள், மடியில் தோலைக் குவித்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருப்பவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். வீட்டில் கிண்ணம் கிண்ணமாகச் சுளை. அக்கா, “இன்னும் ஒரு வாரம் போனா நானே ஆரஞ்சா காய்ப்பேன்” என்றாள். சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் தின்றாள்.

சீசனின் ஒன்பதாவது வாரம், பாலத்துக்குக் கீழே உள்ள கடையில், சொரசொரப்பான மஞ்சள் பழம் ஒன்றை எடுக்கக் குனிந்தபோது, ஏதோ வீச்சம் அடித்தது. ஈர அட்டைப்பெட்டியின் வீச்சம். அவள் அப்படியே நின்றாள். இன்னொரு முறை முகர்ந்தாள். ஈரக் காகிதம், அதற்கு அடியில் மண், அதற்கும் அடியில், மெல்ல, எலுமிச்சையும் பூவும் கலந்தாற்போல் ஒன்று. காசு கொடுக்குமுன்பே நகத்தால் கீறிவிட்டாள். கடைக்காரர் சத்தம் போட்டார். அவள் பழத்தை வாங்கிக்கொண்டு பாலத்தடியில் ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து, பிழிந்து பானகம் செய்ய வேண்டிய அந்தப் புளிப்புப் பழத்தை, கண்ணில் தண்ணீர் வழிய, கொட்டை மட்டும் மிஞ்சும்வரை தின்றாள்.

மறுநாள் கடை திறக்குமுன் வந்துவிட்டாள். பெட்டிக்கு ஒன்றாக எடுத்து, கீறி, முகர்ந்து, தின்று, மேடையில் இருந்த ஆறு வகைக்கும் புதிதாக அட்டை எழுதினாள். புதுச் சரக்காக வந்திருந்த கமலாவுக்கு, “பரவாயில்லை. தேன் வாசம் இல்லை” என்று எழுதினாள். பழைய அட்டைகள் இருந்த பிஸ்கட் டப்பாவைக் குப்பையில் போட்டாள்.

பிறகு மேனேஜரின் அறைக்குப் போய், தன்னை உருளைக்கிழங்கு, வெங்காயப் பக்கம் மாற்றிவிடும்படி கேட்டாள். மூக்கு போன சமாச்சாரம் அவருக்கு அன்றுவரை தெரியாது. அன்றும் அவள் சொல்லவில்லை. சம்பளம் போதவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். அக்கா மாதக்கணக்கில் துளைத்துப் பார்த்தாள். மூக்குத்தான் வந்துவிட்டதே, பிறகென்ன என்றாள். “உருளைக்கிழங்க யாரும் அட்டையப் படிச்சு ருசிக்கறதில்லக்கா” என்றாள் தங்கை.

இப்போதும் உருளைக்கிழங்குப் பக்கம்தான் நிற்கிறாள். குளிர்காலத்து மாலைகளில், பாலத்துக்குக் கீழே இறங்கிப் போய் ஒரே ஒரு பழம் வாங்குகிறாள்.